பாசி சொல்லும் முகவரி

தில்லியில் பாசி ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது மட்டும் மூன்று மாதம். மே மாத வெயிலில் காய்ந்து, சுவரில் அப்பிய கறுப்பு அழுக்காகக் கிடக்கும். ஜூலையில் முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்தால் போதும், சிறிது நேரத்தில் அந்த அழுக்கு பச்சையாகிவிடும். பழைய கோட்டைச் சுவர்கள், லோதி தோட்டத்தின் நிழல் விழும் கற்கள், அரசுக் குடியிருப்புகளில் ஒழுகும் குழாயின் அடி என்று எல்லா இடத்திலும் வெல்வெட் விரித்தாற்போல் இருக்கும். வழுக்கி விழாமல் இருக்க வீட்டுக்காரர்கள் பிளீச்சிங் பவுடரைத் தேடுவார்கள். அது என்ன பாசி என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. தில்லியின் சாலையோர நர்சரிகளில் காய்ந்த பச்சைப் பாசி மூட்டை மூட்டையாகவும், சிறு பிளாஸ்டிக் பைகளிலும் விற்பனைக்கு வருகிறது. 'மாஸ் கிராஸ்' என்பது அதன் வியாபாரப் பெயர். மணிபிளான்ட் ஏறும் கம்பைச் சுற்றிக் கட்ட, ஆர்க்கிட் செடிக்கு அணையாக வைக்க, விண்பதியம் போட, பூக்கூடையின் அடிப்பாகத்தை மறைக்க அது தேவைப்படுகிறது. வாங்குபவருக்குச் சுவரில் இருப்பதும் பையில் இருப்பதும் ஒன்றுதான், பாசி. ஆனால் சுவரில் இருப்பது தில்லிவாசி. பையில் நீண்ட இழைகளாகப் பின்னிக் கிடப்பது பெரும்பாலும் மலைக்காட்டில் மரத்திலிருந்தும் பாறையிலிருந்தும் உரித்தெடுக்கப்பட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால், காட்டுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தில்லியில் இருந்தபடியே ஓரளவு சொல்லிவிடலாம்.

பிரித்துச் சொல்வதில் முதல் இடையூறு மொழிதான். தமிழில் பாசி என்பது ஒரு தாவரத்தின் பெயர் அல்ல, ஒரு கூட்டத்தின் பெயர். குளத்து நீரின் மேல் படர்வதும் பாசி, கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசி, கடலில் கிடைப்பது கடற்பாசி, மாத்திரையாக விற்கப்படும் ஸ்பைருலினா சுருள்பாசி. குறுந்தொகையில் பரணர் தலைவியின் பசலைக்கு ஊர்க்கேணிப் பாசியை உவமை சொன்னார். தொட்டால் விலகி, விட்டால் மூடிக்கொள்ளும் அந்தப் பாசி நீரில் மிதப்பது. சுவரில் வேர் போன்ற இழைகளை ஊன்றி நிற்கும் பச்சைக்கும் அதற்கும் உறவு மிகத் தூரம். பள்ளிப் பாடநூல்கள் பாசி என்ற சொல்லை ஆல்காவுக்குக் கொடுத்துவிட்டன. அதனால் உண்மையான நிலத்துப் பாசி ஆங்கிலப் பெயரிலேயே 'மாஸ்' என்று நின்றுவிட்டது.

இதில் மிகவும் ஏமாற்றுவது சமையலறைக் கல்பாசி. செட்டிநாட்டு மசாலாவில் மணக்கும் அந்தச் சாம்பல் நிறச் சருகு பாசியே அல்ல. அது லைக்கன். ஒரு பூஞ்சையும் ஒரு ஆல்காவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். பழைய தில்லியின் காரி பாவ்லி மசாலா சந்தையில் அதற்கு 'பத்தர் கே பூல்' என்று பெயர், கல்லின் பூ. தமிழர்கள் அதைப் பாசி என்கிறார்கள், வடநாட்டார் பூ என்கிறார்கள். இரண்டும் இல்லை. கல்லில் மட்டும் வளர்வதும் இல்லை, இமயமலையின் ஓக் மரப்பட்டைகளிலிருந்து ஏராளமாகச் சேகரிக்கப்படுகிறது. சந்தைக்கு வரும் கல்பாசியை ஆராய்ந்த தாவரவியலார் அதில் ஒன்றல்ல, பல லைக்கன் இனங்கள் கலந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஒரே பெயரில் பல உயிர்கள் விற்பனையாகின்றன. மாஸ் மூட்டையின் கதையும் இதுவே.

லைக்கனையும் ஆல்காவையும் ஒதுக்கிவிட்டு மாஸை அடையாளம் காண்பது அவ்வளவு கடினம் அல்ல. நகைக் கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். மாஸ் என்றால் தண்டும் இலையும் தெரியும். எவ்வளவு சிறியதானாலும் அது ஒரு முழுச் செடி. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான், நடுவில் ஒரு நரம்பு ஓடலாம். வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மட்டும் மெல்லிய இழைகள். தண்ணீரை இலையே நேரடியாகக் குடிக்கிறது. பூவும் விதையும் இல்லை. அதற்குப் பதிலாக மயிர் போன்ற காம்பின் நுனியில் ஒரு சிறு குமிழ், அதற்குள் தூள் போன்ற வித்துகள். லைக்கனில் தண்டோ இலையோ இருக்காது, நனைந்தால் தோல் போலவோ நூல் போலவோ துவளும். ஆல்காவைத் தொட்டால் கொழகொழக்கும், லென்ஸில் செடி தெரியாது.

அடுத்த கேள்வி, நிற்கிறதா, படர்கிறதா என்பது. மாஸ்களில் இரண்டு பெரிய குணங்கள் உண்டு. சில வகைகள் நெருக்கியடித்து நிமிர்ந்து நின்று மெத்தை போல் ஆகும். குமிழ் தண்டின் நுனியில் வரும். மற்ற வகைகள் கிளைவிட்டுப் படர்ந்து கம்பளமாகும் அல்லது கிளையிலிருந்து தொங்கும். குமிழ் பக்கவாட்டில் வரும். வெயிலும் வறட்சியும் உள்ள சுவரில் முதல் வகை தாக்குப்பிடிக்கும். நிழலும் ஈரமும் நிலைத்திருக்கும் காட்டில் இரண்டாவது வகை செழிக்கும். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் தில்லி நர்சரிப் பையைப் பிரித்துப் பார்ப்பவருக்கு இந்த ஒரு கேள்வியே பாதி வழி காட்டிவிடும். விரல் நீளத்துக்கு மேல் பின்னிக் கிடக்கும் இழைகள் எந்தத் தில்லிச் சுவரிலும் விளைந்தவை அல்ல.

சமவெளிச் சுவர்களில் அடிக்கடி காணக்கூடியது ஹையோஃபிலா இன்வால்யூட்டா. செங்கல், சுண்ணாம்பு, சிமென்ட் எதையும் விடாது. அதனால் சிமென்ட் மாஸ் என்றே அதற்குப் பெயர். நாக்கு வடிவ இலை. காய்ந்தால் இரண்டு ஓரங்களும் உட்புறமாகச் சுருண்டுகொள்ளும், பெயரின் இரண்டாவது பாதி அதைத்தான் சொல்கிறது. நனைந்தால் நட்சத்திரம் போல விரியும். பல மாஸ்களின் குமிழ் வாயில் பல் வரிசை ஒன்று இருக்கும், இதற்கு இல்லை. இலைக் கக்கத்தில் நட்சத்திர வடிவில் மிகச் சிறிய மொட்டுகள் இருக்கும். அவை உதிர்ந்து விழுந்த இடத்தில் புதுச் செடியாகும். இன்னொரு சுவர்வாசி பிரையம் அர்ஜென்டியம். இலை நுனியில் பச்சையம் இல்லாததால் வெள்ளி பூசியதுபோல் மின்னும். அன்டார்க்டிகா முதல் பெருநகர நடைபாதை வரை உலகெங்கும் பரவிய மாஸ் இது. தொட்டி மண்ணிலும் பூங்கா வரப்பிலும் ஃபிஸ்கோமிட்ரியம் தலைகாட்டும். அதன் நெருங்கிய உறவினர் ஒருவரின் முழு மரபணுத் தொகுதியும் 2008இல் வெளியானது. மாஸ்களில் அந்தப் பெருமை பெற்ற முதல் செடி அது.

இத்தனை இருந்தும், தில்லியில் காட்டு மாஸ் என்று சொல்லும்படி ஒரு கம்பளம் கிடையாது. காடு இல்லாமல் இல்லை. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி நகருக்குள் நுழைந்து யமுனையை நோக்கி இறங்குகிறது. 'ரிட்ஜ்' எனப்படும் அந்த மேட்டுக்காட்டில் 7,700 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு 1994இல் வன அறிவிக்கைக்குள் கொண்டுவரப்பட்டது. ஆனால் தில்லியின் ஆண்டு மழை ஏறக்குறைய 770 மில்லிமீட்டர். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டிவிடும். மீதி மாதங்களில் பாறையும் பட்டையும் காய்ந்து கிடக்கும். பிரிட்டிஷார் காலத்தில் கொண்டுவந்து நட்ட விலாயதி கீக்கர், தமிழ்நாட்டில் நன்கு அறிமுகமான அதே சீமைக் கருவேலம், ரிட்ஜின் பெரும்பகுதியை ஆக்கிரமித்துவிட்டது.

மாஸின் பிரச்சினை வெயில் மட்டும் அல்ல. அதன் ஆண் அணு பெண் அணுவை அடைய நீந்த வேண்டும். இலை மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலமாவது இருந்தால்தான் வாரிசு. அதனால் ரிட்ஜில் மாஸைத் தேடுபவர்கள் மரத்தைப் பார்க்காமல் தாழ்வான இடத்தைப் பார்க்க வேண்டும். மழைநீர் வழியும் பாறை இடுக்கு, பழைய பாவ்லிகளின் ஈரப் படிக்கட்டு, வடக்கு நோக்கிய சரிவு ஆகியவை அதன் இடங்கள். வசந்த் விஹார் அருகே ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளைத் தில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பெரணிகளுக்கும் ஆர்க்கிட்டுகளுக்கும் இடமாக மாற்றினார்கள். குழிக்குள் நிழல் உண்டு, காற்று குறைவு, ஈரம் தங்கும். அதே நகரம், அதே மழை. பத்து மீட்டர் தாழ்ந்தாலும் தட்பவெப்பம் மாறிவிடுகிறது. மாஸுக்கு ஊர் முக்கியம் அல்ல, அந்த ஒரு சாண் இடம்தான் முக்கியம்.

உண்மையான காட்டு மாஸைப் பார்க்கத் தில்லியிலிருந்து வடகிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் போக வேண்டும். குமாவுன் மலையில் நைனிடால் சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். 'பாஞ்ச்' என்று மலைமக்கள் அழைக்கும் ஓக் மரங்கள் அங்கே காடாக நிற்கின்றன. அவற்றின் சொரசொரப்பான பட்டை, வளைந்த கிளை, அடியில் மக்கிய இலைப் படுகை என்று எல்லாவற்றின் மீதும் பாசிக் கம்பளம். பெரணி இலையைச் சுருக்கியதுபோல் இரண்டு மூன்று அடுக்காகக் கிளைக்கும் தூய்டியம், தட்டையாக மினுங்கும் நெக்கரா, பின்னிய சடைபோல் படரும் ஹிப்னம், மரக்கிளைகளைப் போர்த்தும் டிராக்கிபோடாப்சிஸ், மண்ணில் சிறு குடைபோல் விரியும் ரோடோபிரையம் ஆகியவை இந்தக் காடுகளின் குடிகள். லென்ஸ் இருந்தால் தூய்டியத்தை அறிமுகம் செய்துகொள்வது எளிது. அதன் தண்டில் இலைகளுக்கு நடுவே கிளைத்த பச்சை மயிர்கள் அடர்ந்திருக்கும். குடும்பம் வரை லென்ஸ் சொல்லும். அதற்குமேல் இனத்தின் பெயரை உறுதிசெய்ய, இலையை உருவி மைக்ராஸ்கோப்பில் செல்லின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

மலைக்கிராமங்களுக்கு இந்தப் பாசி புதிது அல்ல. குமாவுனில் பாசியின் பயன்களைத் தொகுத்த ஆய்வாளர்கள் ஜி.பி. பந்தும் எஸ்.டி. திவாரியும் 1989இல் ஒரு சுவையான தகவலைப் பதிவு செய்தார்கள். தண்ணீர் சுமக்கும் பெண்கள் துணிக்குள் மாஸைத் திணித்துத் தலைக்கு அணையாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் 'சிரோனா'. தமிழில் சொன்னால் சும்மாடு. தஞ்சாவூர்ச் சும்மாடு பாரத்தைத் தாங்கும். குமாவுன் சும்மாடு பாரத்தையும் தாங்கும், பானையிலிருந்து வழியும் நீரையும் குடித்துக்கொள்ளும். மேற்கு இமயமலையில் ஆப்பிளும் பிளம்மும் அடிபடாமல் இருக்கப் பெட்டிகளில் பாசி திணிக்கும் வழக்கத்தையும் இதே துறை ஆய்வுகள் இனம் இனமாகப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கின்றன. தூய்டியம், நெக்கரா, ஹிப்னம், டிராக்கிபோடாப்சிஸ் எல்லாம் அதில் உண்டு.

சும்மாட்டுக்கு வேண்டியது ஒரு கைப்பிடி. அதைக் காடு தாங்கும். நகரத்து நர்சரிக்கு வேண்டியது லாரி அளவு. பறிப்பவர்களுக்கு அது கூலி, சில குடும்பங்களுக்கு முக்கியமான கூலி. அவர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் பாசியின் கணக்கு புல்லின் கணக்கு அல்ல. அறுத்தால் அடுத்த மழைக்குத் தழைத்துவிடாது. அமெரிக்க விஞ்ஞானி நளினி நட்கர்னி கோஸ்டா ரிகாவின் மேகக்காட்டில் மரக்கிளைகளைச் சுத்தமாக வழித்துவிட்டுப் பத்தாண்டுகள் கவனித்து, 2000ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார். இழந்த போர்வையை மீட்க அந்தக் கிளைகளுக்குப் பத்தாண்டுகள் போதவில்லை. இமயமலைக் காடு வேறு, வேகமும் வேறாக இருக்கலாம். ஆனாலும் ஓரிரு மழைக்காலத்தில் சரியாகிவிடும் என்று நம்ப இடமில்லை.

உரிக்கப்பட்ட இடத்தில் என்ன குறைகிறது? முதலில் தண்ணீர். ஸ்பாக்னம் என்ற சதுப்பு நிலப் பாசி தன் எடையைப்போல் இருபது மடங்கு வரை நீரைப் பிடித்துவைக்கும். அந்தக் குணத்துக்காகவே முதல் உலகப்போரில் காயங்களுக்குப் பஞ்சுக்குப் பதிலாக அது பயன்பட்டது. காட்டுக் கம்பள மாஸ்களின் கொள்ளளவு அதைவிடக் குறைவு. வேலை அதேதான். பெருமழையின் வேகத்தை வாங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல மண்ணுக்குள் விடுகின்றன. சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. பூச்சிகளுக்கும் முளைக்கும் விதைகளுக்கும் தொட்டிலாகின்றன. இமயமலைப் பகுதியின் ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வற்றிக்கொண்டிருப்பதாக நீதி ஆயோக் குழு 2018இல் எச்சரித்தது. அதற்குக் காரணங்கள் பல, பழியைப் பாசி வியாபாரத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஊற்றுகள் வற்றும் மலையிலிருந்து நீரைப் பிடித்துவைக்கும் போர்வையையும் உரிப்பது புத்திசாலித்தனம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச்சட்டம் பாசியை மறக்கவில்லை. வன விளைபொருள் எது என்று விளக்கும் இரண்டாவது பிரிவில், மரம் அல்லாத தாவரங்களைச் சொல்லும் இடத்தில், புல், கொடி, நாணல் ஆகியவற்றோடு மாஸும் பெயர் சொல்லி அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. அந்தப் பட்டியலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அவை காட்டில் காணப்பட வேண்டும் அல்லது காட்டிலிருந்து கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். கரி, மரப்பிசின் போன்றவற்றுக்கு அந்த நிபந்தனை கிடையாது. மாஸுக்கு உண்டு. அதாவது மாஸ் எங்கே வளர்ந்தது என்பதுதான் அதன் சட்ட அந்தஸ்தையே தீர்மானிக்கிறது. தில்லியில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து சுரண்டியது குப்பை. வனத்திலிருந்து உரித்தது அரசின் அனுமதி தேவைப்படும் பொருள்.

மூட்டை கட்டியபின் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? காகிதத்தில் எழுதியிருப்பதை நம்பலாம். அல்லது பாசியையே கேட்கலாம். சொந்த முகவரியைப் பாசி மறப்பதில்லை என்பதற்கு வெளிநாடுகளில் இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு.

முதல் சாட்சிக்கு வயது 5,300. ஆல்ப்ஸ் மலையின் பனியில் 1991இல் கண்டெடுக்கப்பட்ட 'ஏட்சி' என்ற ஆதிமனிதனின் உடையில் நெக்கரா காம்ப்ளனேட்டா என்ற காட்டு மாஸ் ஒட்டியிருந்தது. 3,200 மீட்டர் உயரத்துப் பனியில் அது வளராது. தாழ்வான, நிழலான காட்டுக்கு உரியது. கிளாஸ்கோவைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் ஜேம்ஸ் டிக்ஸன் இதையும் உடலோடு கிடைத்த மற்ற மாஸ்களையும் ஆராய்ந்தார். அந்த மனிதன் மலையின் தென்புறப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஏறி வந்தவன் என்ற முடிவுக்கு அவை வலுவூட்டின.

இரண்டாவது சாட்சி நீதிமன்றம் வரை போனது. அமெரிக்காவில் சிகாகோ அருகே அல்சிப் என்ற இடத்தில் இருக்கும் பர் ஓக் இடுகாட்டில், பழைய கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை வேறு இடத்தில் கொட்டிவிட்டு, காலியான இடத்தை மறுபடியும் விற்றதாக 2009இல் புகார் எழுந்தது. அந்த எலும்புகளோடு மண்ணுக்குள் ஒரு பாசித் துணுக்கும் கிடைத்தது. புலனாய்வு அதிகாரிகள் அதைச் சிகாகோவின் ஃபீல்ட் மியூசியத்துக்கு எடுத்துச் சென்றார்கள். அங்கிருந்த தாவரவியலார் மேட் வான் கான்ராட் அதை ஃபிஸிடென்ஸ் டாக்ஸிஃபோலியஸ் என்று அடையாளம் கண்டார். எலும்புகள் கிடந்த இடத்தின் சுற்றுப்புறத்தில் அந்த மாஸ் வளரவில்லை. இடுகாட்டின் வேறொரு நிழலான பகுதியில் வளர்ந்திருந்தது. எலும்புகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அது தடயம். அதோடு மாஸில் எஞ்சியிருந்த பச்சையத்தை அளந்து, அது புதைந்து ஓரிரு ஆண்டுகளே ஆகியிருக்க வேண்டும் என்றும் மதிப்பிட்டார்கள். அது தங்கள் காலத்துக்கு முன்பே நடந்தது என்ற எதிர்வாதம் எடுபடவில்லை. 2015இல் தண்டனை உறுதியானது.

கட்டைவிரல் நகம் அளவுள்ள பாசி ஒரு குற்றவழக்கில் இவ்வளவு பேசும் என்றால், ஐம்பது கிலோ மூட்டை எவ்வளவு பேசும்! தில்லி மூட்டையில் டிராக்கிபோடாப்சிஸ் இருந்தால் அது ஈரமான மலைக்காட்டின் கிளையிலிருந்து வந்தது. ரோடோபிரையம் இருந்தால் காட்டுத் தரையையும் சுரண்டியிருக்கிறார்கள். பட்டைத் துணுக்கு ஒட்டியிருந்தால் மரத்தையும் கேட்கலாம். தோட்டத்தில் வளர்த்தது என்று எந்தச் சீட்டு சொன்னாலும் மைக்ராஸ்கோப் அதைச் சரிபார்த்துவிடும்.

பார்ப்பதற்கு ஆள் வேண்டும், அங்கேதான் தட்டுப்பாடு. இந்தியாவில் மாஸும் அதன் நெருங்கிய உறவினர்களும் சேர்ந்து 2,500 இனங்களுக்கு மேல் உண்டு. இந்தத் துறைக்கு நாட்டில் அடித்தளம் இட்டவர் லாகூர் பேராசிரியர் சிவ்ராம் காஷ்யப். மேற்கு இமயமலையிலும் பஞ்சாப் சமவெளியிலும் வளரும், மாஸின் சகோதர இனமான லிவர்வொர்ட்டுகளைப் பற்றி 1929லும் 1932லும் இரண்டு பாகங்களாக நூல் வெளியிட்டார். இந்திய மாஸ்களின் வகைப்பாட்டை ஆர்.எஸ். சோப்ரா தொகுத்த நூல் 1975இல் தில்லியிலிருந்து வெளிவந்தது. வடக்கு ரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆர்.என். சோப்ராவும் அவருடைய மாணவர்களும் மாஸ்களைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்து, அவை எப்போது எதனால் கருத்தரிக்கின்றன என்று ஆராய்ந்தார்கள். இன்று லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனமும் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையும் இந்தப் பணியைத் தொடர்கின்றன. ஆனால் மரத்தையும் பூவையும் படிக்க வருபவர்கள் அளவுக்கு மாஸைப் படிக்க யாரும் வருவதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இருந்த பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் ஜார்ஜ் ஃபோரோ பழனி மலைச் சோலைகளில் ஆண்டுக்கணக்கில் மாஸ் சேகரித்தார். வெளிநாட்டு நிபுணர்கள் டிக்ஸனுக்கும் போட்டியே டி லா வார்டுக்கும் அனுப்பினார். அவர்கள் கண்ட புதிய பேரினம் ஒன்றுக்கு ஃபோரோவெல்லா என்று அவர் பெயரையே வைத்தார்கள். பழனி மலையின் மாஸ்களைப் பற்றிய அவருடைய பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியானது. ஒரு மலையில் எது இருந்தது என்று அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் சரிபார்க்க முடிவது இப்படி யாரோ ஒருவர் உட்கார்ந்து பெயர் எழுதியதால்தான்.

மாஸ் சேகரிப்பவர்களின் முறை மிக எளியது. பூச்செடியைப் போல அழுத்தி உலர்த்த வேண்டியதில்லை. ஒரு காகிதத்தை மடித்து உறை செய்து, உள்ளே போட்டு, மேலே எழுத வேண்டும். இடம், உயரம், பாறையா மரமா மண்ணா, எந்த மரம், தேதி. அவ்வளவுதான். நூறாண்டு கழித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் இலை பழைய வடிவத்துக்கு விரிந்து ஆராய்ச்சிக்குத் தயாராகும். உறையின் மேலே எழுதியதற்கு உள்ளே இருப்பதைவிட மதிப்பு குறைவு அல்ல. எங்கே வளர்ந்தது என்று தெரியாத மாஸை விஞ்ஞானி பாதி மாதிரியாகத்தான் கருதுவார்.

நல்ல முயற்சி ஒன்றும் நடந்திருக்கிறது. நைனிடால் மாவட்டத்தில் குர்பாதால் அருகே லிங்காதார் கிராமத்தில் உத்தராகண்ட் வனத்துறையின் ஆராய்ச்சிப் பிரிவு பத்து ஹெக்டேரில் ஒரு மாஸ் தோட்டத்தை அமைத்து, 2020 நவம்பரில் திறந்தது. திறந்துவைத்தவர் ராஜஸ்தானின் தண்ணீர் மனிதர் ராஜேந்திர சிங். முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் அங்கே பெயர்ப் பலகையோடு வளர்கின்றன. சமவெளிச் சுவர்களின் சிமென்ட் மாஸும் அவற்றில் ஒன்று. தில்லியில் பிளீச்சிங் பவுடர் வாங்கும் செடிக்கு மலையில் பெயர்ப் பலகை.

வாங்குபவர்களால் முடிவது என்ன? மாஸைச் சுற்றிய கம்பு செய்யும் வேலையைப் பெரும்பாலும் தென்னை நார் சுற்றிய கம்பும் செய்யும். ஆர்க்கிட்டுக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகளே போதும். பொள்ளாச்சிப் பக்கம் வண்டி வண்டியாகக் கிடைக்கும் பொருள் அது, ஆண்டுதோறும் விளைவது, எந்தக் காட்டையும் உரிக்காதது. தில்லி நர்சரிகளிலும் கிடைக்கிறது. மாஸ்தான் வேண்டும் என்றால் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். எந்த ஊரிலிருந்து வந்தது, மரத்திலிருந்தா, தரையிலிருந்தா? பெரும்பாலும் பதில் வராது. பத்துப் பேர் கேட்டால் மொத்த வியாபாரியிடம் அவர் கேட்கத் தொடங்குவார்.

அரசால் முடிவது அதைவிட எளிது. வன விளைபொருளின் அனுமதிச் சீட்டில் 'மாஸ்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்தாமல், சேகரிப்பாளர்கள் காகித உறையின் மேல் எழுதும் ஐந்து விவரங்களையும் எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடியை உறையில் போட்டு வைத்தால், சந்தேகம் வரும்போது லக்னோவில் யாராவது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொள்வார்கள். எங்கே வளர்ந்தது என்று கேட்கும் உரிமையைச் சட்டம் 1927லேயே கொடுத்துவிட்டது.